ஒரே ஓர் இஸ்திரிப்பெட்டி

வின்னிபெக் ஏரி உறைந்து
மூன்று வாரம் ஆகியிருந்தது.
பிள்ளைகள் குறைந்து மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றை
வெள்ளி முதல் திங்கள்வரை வாடகைக்கு எடுத்தோம்.
ஏழு பேர், ஏழு தையல் மெஷின்,
பதினோரு பெட்டி துணி,
ஒரு பெரிய பானை பீட்ரூட் சூப்.

வருடம் முழுக்க வாங்கிய துணியைக்
கார் டிக்கியில், உரமூட்டைக்குக் கீழே
வீட்டுக்காரர் கண்ணில் படாமல் வைத்திருந்ததாக
வில்போர்க் ஒப்புக்கொண்டாள்.
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.
என்னுடையது ஃப்ரீசரில், மீனுக்கு அடியில் இருந்தது.

கரும்பலகையில் இன்னும் யாரோ போட்டு
முடிக்காமல் விட்ட கழித்தல் கணக்கு.
அதன் கீழே மேசைகளை இழுத்துப் போட்டோம்.
உருளைக்கத்தி துணியில் ஓடும் ஓசை
ஏரிமேல் சறுக்குக்காலணி கோடு கிழிப்பதுபோல.
கால் அங்குலம், கால் அங்குலம் என்று
ஜெபம் மாதிரி முணுமுணுத்தபடியே தைப்பாள் ஜானெட்.
அவளுடைய சதுரங்கள்தான் எப்போதும் கோணல்.

முதல் இரவு ஒன்பது மணிக்கு
ஏழு இஸ்திரிப்பெட்டியும் ஒன்றாய்ச் சூடேற,
காபி மெஷினையும் யாரோ தட்டிவிட,
பள்ளிக்கூடம் படக்கென்று அணைந்தது.
இருட்டில் ஏழு பெண்களின் சிரிப்பு.
ஃபியூஸைத் தேடிச் சுவரைத் தடவிப் போன நான்
ஓலென்காவின் மெஷின் பெட்டியில் இடித்துக்கொண்டேன்.
பத்துக் கிலோ இரும்பு,
கால்விரல் போச்சு என்று பல்லைக் கடித்தேன்.
அது காலி டப்பாவைப் போலத்
தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

வலிக்காத விரலைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வெளிச்சம் வந்ததும் சிக்ரூன் சட்டம் போட்டாள்:
இனி ஒரு நேரத்தில் ஒரே ஓர் இஸ்திரிப்பெட்டி.
அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ஓலென்கா,
யாரும் கேட்பதற்கு முன்பே.

சனிக்கிழமை முழுக்க அவள் உட்காரவே இல்லை.
நாங்கள் தைத்துத் தைத்து நீட்டியதையெல்லாம்
வாங்கி, விரித்து, நீராவி விட்டு அழுத்தினாள்.
மடிப்பை எப்போதும் அடர்நிறத்தின் பக்கமே சாய்ப்பாள்.
இந்தப் பக்கம் சாய்த்தால்
வெளிர்துணியில் நிழல் தெரிந்துவிடுமாம்.
நீ எப்போது தொடங்கப்போகிறாய் என்றாள் டோரீன்.
மனசில் வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

இந்த இலையுதிர்காலத்தில் வலை காலியாய் வந்தது
ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
தாராஸ் பனிவண்டியை விற்றதும் தெரியும்.
வேறென்ன விற்றார்கள் என்று
யாரும் கேட்டதில்லை.
என் பழைய மெஷின் சும்மாத்தான் கிடக்கிறது
என்ற ஒரு வாக்கியத்தை
அன்று இரவு படுக்கையில் பலமுறை தைத்தேன்,
பலமுறை பிரித்தேன்.

ஞாயிறு காலை வில்போர்க்,
தன் மெஷினை யாரும் தொட்டால் முறைக்கிற வில்போர்க்,
தையல் விட்டுவிட்டு விழுகிறது ஓலென்கா,
உன் கைக்குத்தான் அடங்கும், வந்து பார் என்றாள்.
பக்கத்து நாற்காலி என்னுடையது.
இரவெல்லாம் அது ஒரு தையல்கூட விடவில்லை.

ஓலென்கா உட்கார்ந்தாள்.
கீழே பார்க்காமலே அவள் கால்
பெடலைக் கண்டுபிடித்தது.
கழிவுத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து ஓட்டினாள்,
மஞ்சளோடு நீலம், நீலத்தோடு ஏதோ பூ.
சரியாகத்தானே ஓடுகிறது என்றாள்.
இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்,
சாயங்காலம்தான் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும்
என்றாள் வில்போர்க்.
இஸ்திரிப்பெட்டி என் கைக்கு வந்தது.
ஜானெட்டின் நட்சத்திரத்தில் ஒரு முனையைப் பொசுக்கினேன்.

திங்கள். புதுப்பனி, முழங்கால் அளவு.
அவரவர் மெஷினைக் கட்டியணைத்துக்கொண்டு
தள்ளாடித் தள்ளாடிக் கார்களுக்கு நடந்தோம்.
ஓலென்கா தன் பெட்டியை
ஒரு கையில் வீசிக்கொண்டு வந்தாள்,
மறு கையில் அந்தத் துண்டுச்சங்கிலிச் சுருள்.
பாதி வழியில் நினைவு வந்து நின்றாள்.
சுருளைப் பாக்கெட்டில் திணித்தாள்.
பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து
உடம்பை ஒரு பக்கம் சாய்த்து
மெல்ல நடந்தாள்.

நானும் வில்போர்க்கும் ஒரே சமயத்தில்
ஏரியின் பக்கம் திரும்பிக்கொண்டோம்.
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
வெகுநேரம் பார்த்தோம்.