வறண்ட தரையில் எட்டு

பனி கிடந்த ஐந்து மாதமும்
ஒரு குறை சொன்னதில்லை அந்த சுபாரு.
மே மாதம், பால் கூட்டுறவு முற்றத்தில்
ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தபோதுதான்
முரண்டு பிடித்ததாம்.
'பின்னால் யாரோ கயிறு கட்டி இழுக்கிறாற்போல'
என்றாள் மட்லைனா.
'ஹேண்ட்பிரேக்கை விடாமல் ஓட்டியிருப்பாள்'
என்றான் யாஹென்,
மறுநாள் தனியாக வந்து.

ஒற்றைப்படை வாரம் அவளுக்கு,
இரட்டைப்படை அவனுக்கு.
ஆடுகளைத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டவர்களால்
காரை மட்டும் அறுக்க முடியவில்லை.
இருபத்து நான்கு வயது வண்டி.
ஷ்குவோலில் என் பட்டறையை விட்டால்
அதை உள்ளே விடுவாரில்லை.

முதலில் டயர். எப்போதும் முதலில் டயர்தான்.
சாக்பீஸால் கோடு போட்டு
தையல் நாடாவைச் சுற்றிப் பிடித்தேன்.
முன் ஜோடி நூற்றுத் தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர்.
பின் ஜோடி நூற்றுத் தொண்ணூற்றொன்று.
முன்னது யாஹென் அக்டோபரில் வாங்கியது.
பின்னது மட்லைனாவின் முறை. வாங்கவில்லை.
மே மாதத்திலும் குளிர்கால டயர்கள்;
கழற்றுவது யார் முறை என்று இன்னும் தீரவில்லை.

இரண்டே சென்டிமீட்டர்.
கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் பாக்கி விழும்.
செர்னெட்ஸ் போய்ச் சேர்வதற்குள்
முன்சக்கரமும் பின்சக்கரமும்
கால் கிலோமீட்டர் வழக்கில் நிற்கும்.
பனியில் அந்தப் பாக்கி வழுக்கியே தீர்ந்துவிடும்.
காய்ந்த தாரில் போக்கிடமில்லாமல்
கியர்பெட்டிக்குள் புகுந்து முறுக்கும்.

என் வண்டியின் நாலு டயரையும் கழற்றி மாட்டி
முற்றத்தில் எட்டுப் போட்டேன்,
லைசென்ஸுக்குப் போகிறவன் மாதிரி.
முதல் எட்டு வெண்ணெய்.
இன்ஜின் சூடேறியதும் ஆறாவது எட்டில்
இடுப்பை உதறியது.

பானெட்டுக்குள் ஒரு காலிப் பொந்து உண்டு.
அதில் ஃபியூஸ் சொருகினால்
பின்சக்கரத்தை விட்டுவிடு என்று ஆணை.
சொருகினேன். விளக்கும் எரிந்தது.
மறுபடி எட்டு. மறுபடி உதறல்.
சொல் போய்ச் சேர்கிறது,
பிடித்த கைதான் விடவில்லை.
சோலனாய்டை அளந்தேன்: பதிமூன்று ஓம், நிரபராதி.
ஆயிலைத் துணியில் சொட்டினேன்:
அடிப்பிடித்த பாலின் நாற்றம்.

வியாழக்கிழமை வால்பகுதியைக் கழற்றினேன்.
டிரம்மின் உள்சுவரில்
நகம் மாட்டும் ஆழத்துக்குப் பள்ளங்கள்.
ஒரே இடத்தில் வருடக்கணக்காக முட்டி முட்டி
கிளட்ச் தட்டுகள் தமக்கென்று வெட்டிக்கொண்டவை.
விடு என்றாலும் நழுவத் தெரியாது.

இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன்.
'யார் தப்பு?'
இரண்டு வாய், ஒரு கேள்வி.
டிரம்மை மேஜைமேல் வைத்தேன்.
யாஹென் நகத்தால் தடவினான்.
அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
அதற்குமேல் பதில் சொல்ல எனக்குக் கூலி இல்லை.

லாண்ட்குவார்ட் காயலான் கடையிலிருந்து ஒரு டிரம்,
புதுத் தட்டுகள், ஒரே அச்சில் நாலு டயர்.
பில்லைப் பாதியாகக் கிழித்துத் தர மாட்டேன் என்றேன்.
வாசலுக்குப் போய் ஏதோ பேசினார்கள்.
திரும்பி வந்து
அவன் டயருக்கு, அவள் மற்றதுக்கு எனக்
காசை ஒரே குவியலாக வைத்தார்கள்.

ஓட்டிப் பார்க்க அவள் உட்கார்ந்தாள்.
பக்கத்து இருக்கையில் அவன்,
கதவு சாத்துமுன்பே தொடங்கிவிட்டான்:
'இந்த வருடம் ஐம்பத்து மூன்று வாரம், கவனித்தாயா?
கடைசி வாரமும் உனக்கு, அடுத்த முதல் வாரமும் உனக்கு.'

மட்லைனா ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தாள்.
ஒரு எட்டு. இன்னொன்று.
பட்டறை வாசலில் நின்று கேட்டேன்:
ஜன்னல் வழியே அவன் குரல், அவள் குரல்.
கார் மட்டும்
ஒரு முனகலும் இல்லை.