நாற்பது பொதி, மணியோசை இல்லை

கொல்லம் எண்ணூற்று எழுபத்திரண்டு, ஆனி பதினொன்று.
ஆரியங்காவுக் கணவாய், சுங்கச் சாவடி.
மூன்றாம் சாமம். சாரல்.
"மேற்கிலிருந்து பொதிமாடு நாற்பது.
மணியோசை இல்லை, குளம்படி இல்லை.
பேய்ச்சாத்து என்று கண்டு
சுங்கம் கேட்கவில்லை."
இப்படித்தான் ஓலையில் கீறினேன்.
கை நடுங்கியதாகத் தெரியட்டுமென்று
இரண்டு எழுத்தைக் கோணலாக்கினேன்.

மாடு மாடுதான். மிளகு மிளகுதான்.
மணிக்குள் வைக்கோல் திணித்திருந்தார்கள்,
குளம்புக்குக் கோணி சுற்றியிருந்தார்கள்.
என் மடியில் பதினெட்டுப் பணம்
அடைகாத்த முட்டைபோலச் சூடாக இருந்தது.

மேலெழுத்து இரவி கேசவன் கொல்லத்திலிருந்து வந்தான்,
அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு.
பேய் என்றதும் சிரிப்பான் என்றிருந்தேன்.
சிரிக்கவில்லை.
"நிழல் உண்டோ?" என்றான்.
மழையிருட்டில் நிழலேது, என்றேன்.
"வாடை?"
ஈரச் சாம்பல்.
எங்கிருந்து என் வாயில் விழுந்ததோ அந்தச் சொல்.
அதையும் எழுதிக்கொண்டான்.
பேயில் அவனுக்குச் சந்தேகமே இல்லை,
எண்ணிக்கையில்தான்:
நாற்பதா, நாற்பத்திரண்டா?
நன்றாக யோசித்துச் சொல்லும் கணக்கரே.

காவல் கட்டையத்தேவன்
அன்றிரவு கள் குடித்துக் குப்புறக் கிடந்தவன்,
ஐயன் நடையில் ஈரத்துணியோடு சத்தியம் செய்தான்:
முன்மாட்டின் கொம்பில் நீலச் சுடர் எரிந்தது,
கடைசி மாட்டுக்குத் தலை இல்லை.
என் பொய்யில் அப்படியொரு மாடு கிடையாது.
சொல்லும்போது அவன் பல் கிட்டியது.
யார் சொல்லிக் கொடுத்தும் பல் அப்படிக் கிட்டாது.

மந்திரவாதிக்குச் சேவல் ஒன்று,
நெல் இரண்டு மரக்கால்.
செலவில் மூன்று என்று எழுதினேன்.

அத்தோடு முடிந்திருக்கும்.
புளியரையிலிருந்து உலகி வந்தாள்,
தலையில் கருவாட்டுக் கூடை,
மழைக்குக் கமுகம்பாளை.
போன ஆனியில் மாடு பத்திக்கொண்டு மலை ஏறியவர்
இறங்கவில்லையாம்.
காய்ச்சலோ, யானையோ, ஆறோ,
சொல்ல ஆளில்லை.
"அந்தக் கூட்டத்திலே
இடது காலைச் சாய்ச்சு நடக்கிறவர் ஒருத்தர்
உண்டுமா?"

இல்லை என்பதற்கு ஒரு மூச்சு போதும்.
நான் பார்த்தது எல்லாம் தின்று உறங்கும் மனிதர்கள்,
எல்லோருக்கும் இரண்டு காலும் நேர்.

"உண்டு," என்றேன்.
"எந்தப் பக்கமாப் போனார்?"
"கிழக்கே. இறக்கத்தில்."
ஒரு படி கருவாட்டை
என் படியில் அளந்து வைத்துவிட்டுப் போனாள்.
அந்த மாதம் முழுக்க
அவள் குடிசையில் விடியும்வரை விளக்கு எரிந்ததாக
உப்பு ஏற்றி வந்தவர்கள் சொன்னார்கள்.
எண்ணெய் விற்கிற விலையில்.

கனாக் கணக்கு எனக்கும் தெரியும்.
முதல் சாமத்தில் கண்டது ஓராண்டில் பலிக்கும்,
இரண்டாம் சாமம் எட்டு மாதம்,
மூன்றாவது மூன்று,
விடியலில் கண்டது பத்தே நாள்.
கோழி கூவுமுன் வந்தான்.
மாடில்லை, பொதியில்லை.
இடது காலைச் சாய்த்து
சாவடிக் கயிற்றுக்கு அந்தப்பக்கமே நின்றான்.
தலை துவட்டவில்லை. ஈரச் சாம்பல் வாடை.
"சீட்டுத் தாரும். சீட்டில்லாமல்
கீழே இறங்க விடமாட்டேன் என்கிறார்கள்."

யார் என்கிறார்கள்? நான்தானே இங்கே சுங்கம்.

இரவி கேசவனுக்கு ஆள் அனுப்பினேன்.
ஒரு சாவடிக்கு ஒரு பேய் போதும் என்று பதில் வந்தது.

இன்று ஒன்பதாம் நாள்.
ஓலை நறுக்கி, மஞ்சள் தடவி வைத்திருக்கிறேன்.
"ஆள் ஒன்று. சுமை இல்லை. சுங்கம் தீர்ந்தது."
பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமை.
காலையில் புளியரைக்கு இறங்கிப் போய்க் கேட்டேன்.
உலகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.
புருசன் பேரை எப்படிச் சொல்லுவாள்?
வாசலில் வளர்ந்திருந்த ஒரு செடியைக் காட்டினாள்,
பிறகு வானத்தை,
பிறகு என்னை.

எனக்கு விளங்கவில்லை.
இருட்டிக்கொண்டு வருகிறது.