ஏழாம் இலக்கம்

ஏப்ரலில் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போவது
வாவியில் படகு விடத்தான் என்று
கம்பளையில் வேன் ஏறும்போது நானும் நம்பினேன்.
ரஞ்சனி நம்பவில்லை.
ஸ்வெட்டர்களை எண்ணி வைத்தவள்
என் சட்டைப்பையையும் ஒருதரம் கண்ணால் எண்ணினாள்.

ரம்பொடை வளைவுகளில் மகன் இரண்டு முறை வாந்தி.
லபுக்கலையில் தேத்தண்ணி.
அதற்குமேலே பனி, அதற்கும் மேலே விலை:
அறைக்கு, சுடுதண்ணி வாளிக்கு,
மட்டக்குதிரையின் முதுகில் ஐந்து நிமிடம் உட்காருவதற்கு.

"படகுக்கு இப்ப கியூ நீளம்" என்றேன்.
உண்மைதான்.
பந்தயத் திடலிலும் கியூ நீளம். அதைச் சொல்லவில்லை.

வேலியோரம் குதிரைகளை நடத்திக் காட்டினார்கள்.
அகலத் தொப்பிப் பெண்கள், கொழும்பு சென்ட் வாசம்,
பலூன்காரன், பொலிஸ்காரன்.
நான் மூன்றாம் இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.
எல்லோரும் அதைத்தான் வட்டம் போட்டிருந்தார்கள்.
முன்னங்காலில் வெள்ளைக் கட்டோடு வந்த ஏழு
நடுவழியில் நின்று, அவசரமில்லாமல் லத்தி போட்டுவிட்டு
திலக்சனைத் திரும்பிப் பார்த்தது.
"என்னத்தான் பாக்குதுப்பா."
வருசத்துக்குக் கைவிசேஷமாய்க் கிடைத்த நூறு ரூபாய்,
வெற்றிலை வாடை போகாத நோட்டு,
நாலாய் மடித்து என் உள்ளங்கையில் வைத்தான்.
"ஏழுல போடுங்க."

கூண்டுக்கு முன்னால் எனக்கு அரை நிமிடம் இருந்தது.
பிள்ளையின் காசு வீணாகக் கூடாது என்று நினைத்தேன்.
சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.
அதையும் மூன்றில் போட்டேன்.

கடைசி வளைவுவரை மூன்றுதான் கடவுள்.
பிறகு புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கட்டு
முன்னால், இன்னும் முன்னால்.
என் தோளில் இருந்தவன் குதிகாலால்
என் நெஞ்சில் உதைத்துக்கொண்டே இருந்தான்,
ஓடியது நான்தான் என்பதுபோல.
"ஒன்றுக்குப் பன்னிரண்டு" என்று
பக்கத்து ஆள் சிங்களத்தில் சொன்னார்.
பையனுக்குச் சிங்களம் தெரியும்.
பெருக்கவும் தெரியும்.

கழிவறைச் சுவருக்குப் பின்னால் நின்று
ஆயிரத்து முந்நூறு எண்ணினேன்.
முதலில் படகு போனது,
பிறகு இரவுக்கு நினைத்திருந்த கொத்து ரொட்டி.
அவன் ஒவ்வொரு நோட்டாய் முகர்ந்து பார்த்தான்.
"என்ட நூறு எங்கப்பா?"
"அது அவங்க காசோட கலந்திருச்சு."
"தேடித் தரச் சொல்லியிருக்கலாமே."

பின்னேரம் வாவிக்கரையில் நின்று
அடுத்தவர் பிள்ளைகள் அன்னப்படகு மிதிப்பதைப் பார்த்தோம்.
யதுர்ஷா குளிருதென்று என் கோட்டை வாங்கிப் போட்டாள்.
பையில் கைவிட்டாள்.
இரண்டு துண்டுச்சீட்டு.
இரண்டிலும் மூன்று.
வாசித்தாள், மடித்தாள், இருந்த இடத்திலேயே வைத்தாள்.
பதினொரு வயது.
"எனக்குச் சோளம் வேணாம்பா" என்றாள்.
சோளம் வேணுமா என்று யாரும் கேட்கவேயில்லை.

ராத்திரி பாணும் சம்பலும்.
ரஞ்சனி எதுவும் கேட்காமல்
பெரிய துண்டை என் பக்கம் தள்ளினாள்.
அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.
விளக்கணைத்த பிறகு
கம்பளிக்குள்ளிருந்து மகன்:
"நாளைக்கும் ஓடுமாப்பா?"

ஓடவில்லை. இறங்கினோம்.
முதல் வளைவிலேயே அவன் முகம் வெளிறியது.
ஷொப்பிங் பையை ஒரு கையால் வாயருகே பிடித்தபடி
சப்பாத்துக்குள்ளிருந்து கசங்கிய நோட்டுகளை உருவி
என்னிடம் நீட்டினான்.
"நனைஞ்சிரும். நீங்க வச்சிருங்கப்பா."

வைத்துக்கொண்டேன்.
முன் சீட்டில் யதுர்ஷா திரும்பி உட்கார்ந்து
புசல்லாவை வரும்வரை
என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.