எட்டு நாற்காலி

ஆர்கெஸ்ட்ரா என்று சொன்னதுதான் தப்பு.
செல்லத்தாய் மகால் மேனேஜர் பூமிநாதன்
ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்:
ஆடல் பாடல் உண்டா? கோர்ட் ஆர்டர் இருக்கா?
இல்லை சார், வயலின்.
வயலினுக்கு எதுக்குய்யா
ஆயிரம் பேர் உக்கார்ற ஹாலு?

அதை எப்படிச் சொல்ல.
அந்தக் கூரையை நான் முதலில் கேட்டது
என் கல்யாணத்தில்.
கெட்டிமேளம் ஓய்ந்த இடுக்கில்
யாரோ போட்ட ஒரு தும்மல்
பந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.
தாலியைக் கையில் வைத்துக்கொண்டே நினைத்தேன்,
ஸ்ட்ரிங்ஸை இங்கே எடுக்கணும்.
(தேன்மொழிக்கு இது இன்றுவரை தெரியாது.)

ஆடி மாசம். ஒத்தக்கடையில் முகூர்த்தம் கிடையாது.
பாதி வாடகை.
அந்தப் பாதிக்கு ஒச்சப்பன்
பல்சரை அடகு வைத்தான், நான் வேலை பார்க்கிற பைனான்சிலேயே.
தவணை தவறினால்
நானே போய்த் தூக்கிவர வேண்டிய வண்டி.
பேண்டுக்கு 'மீட்டர் வட்டி' என்று
பெயர் வைத்த அன்று
ரொம்ப நேரம் சிரித்திருக்கிறோம்.

ஆடியில் கல்யாணம்தான் இல்லை, அம்மன் உண்டு.
யானைமலையில் மோதித் திரும்புகிற
குழாய் ஸ்பீக்கர்கள்
இரவு ஒரு மணிக்கு அடங்கும்,
நாலரைக்கு எழும்.
நடுவில் கிடக்கும் மூன்றரை மணி நேரத்துக்குள்
எங்கள் ஒன்பது பாட்டும்.

முப்பது பேருக்கு எழுதிவைத்திருந்தேன்.
மேலூர் பேண்டு செட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
டிரம்பெட் அருளப்பன்
எந்தப் பாட்டையும்
மாப்பிள்ளை அழைப்பு மாதிரியே முடித்தார்.
பழக்கம் தம்பி,
எங்கிட்டாவது கார் வந்து நிக்கணும்ல.

வயலினுக்கு
பசுமலையிலிருந்து ஹெப்சிபா டீச்சர்,
ஒரே ஒருவர்.
துளசிராம் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை
அரைவட்டமாகப் போட்டான்.
ஒவ்வொன்றாக மாறி உட்கார்ந்து
அதே பாட்டை எட்டுத் தடவை வாசித்தார்.
இரண்டாவதில் கொஞ்சம் அவசரம்.
ஐந்தாவதில் செருப்பைக் கழற்றினார்.
ஆறாவது முடிந்ததும் வீட்டிலிருந்து போன்.
இன்னும் ரெண்டு பேர் பாக்கி, என்று வைத்துவிட்டார்.

ஏழாவது நாற்காலியில்
நான் எழுதாத ஒரு சுரத்தில்
வில் சற்றுத் தங்கி
பிறகுதான் இறங்கியது.
டீச்சர், அது நோட்ஸில் இல்லையே?
நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.
இவ அப்படித்தான் வாசிப்பா.

எட்டாவது.
கடைசி இழுப்பு கூரையைத் தொட்டுத்
திரும்பி வந்துகொண்டிருக்கும்போது
மணி நாலு இருபத்தெட்டு.
தெற்கிலிருந்து ஒரு குழாய்:
ஹலோ, ஹலோ... மைக் டெஸ்ட்...
நூருதீன் ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தான்.
டீச்சர் மட்டும் வில்லை எடுக்கவில்லை.
அந்த ஹலோவும் அடங்கும்வரை
இழுத்துக்கொண்டே இருந்தார்.

அதை வெட்டலாமா என்று
மூன்று வாரம் சண்டை போட்டோம்.
வெட்டவில்லை.
காரணம் கேட்டால்
ஆளுக்கு ஒன்று சொல்வோம்.

கார்த்திகையில் ஆல்பம் வந்தது.
கேட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
அதில் நாற்பது தடவை நானே.
பல்சர் இன்னும் மீளவில்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பூமிநாதன் பிடித்துக்கொண்டார்.
என்னமோ எடுத்தீகளே, போடுங்க கேப்போம்.
என் இயர்போனில் ஒரு பக்கம் செத்துப்போய்
நாளாகிறது.
உயிரோடு இருந்ததைக் கொடுத்தேன்.
மேலூர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
கண்ணை மூடிக் கேட்டார்,
டீ ஆறி ஆடை கட்டியது.

எட்டுப் பேருன்னீக,
நாலு பேருதானே வாசிக்கிறாய்ங்க?

மீதி நாலு பேர்
அந்தப் பக்கம் இருக்காங்க சார்.

அப்படியா, என்றவர்
வலது காதிலிருந்து அதைக் கழற்றி
சட்டையில் துடைத்து
இடது காதில் வைத்துப் பார்த்தார்.