பதினான்காம் கட்டில், உப்பில்லாதது

மிஷ்கோல்ட்ஸ் நகரத்து மருத்துவமனையில்
கரண்டி தரமாட்டார்கள்.
கரண்டி, குவளை, கழிப்பறைத் தாள்
எல்லாம் நோயாளியின் பையில் வர வேண்டும்.
ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒருவர்
முதல் நாள் பகலுணவை
ஷூ மாட்டும் கொம்பால் சாப்பிட்டார்.

நான் வண்டி தள்ளுகிறவள்.
பரிமாறுகிறவள் என்று சொன்னால் பொய்.
நிலத்தடிச் சமையலறையிலிருந்து
மூன்றாம் மாடி ஆண்கள் பிரிவுக்கு
பதினொரு வருடம்.
லிஃப்ட் முதலில் அழுக்குத்துணிக்கு,
பிறகு எக்ஸ்ரேக்குப் போகிற கட்டிலுக்கு,
அப்புறம்தான் எனக்கு.
அதற்குள் பூசணிக் கூட்டின்மேல் ஆடை படிந்து
சதகுப்பைத் துணுக்குகள் அதில்
சிக்கிக்கொண்டிருக்கும்.

பதினான்காம் கட்டிலில் பகோன்யி ஓடொன்.
ரயில் பாலங்களைச் சோதித்தவர்.
இரும்பைச் சுத்தியலால் தட்டி
விரிசலைக் காதால் பிடிப்பாராம்.
சாப்பிட்ட தட்டுக்கு அடியில்
சின்ன எழுத்தில் ஒரு சீட்டு வைப்பார்:

உருளைக்கிழங்கு ஏழு துண்டு. நிறம் சிமெண்ட்.

ரவைக் கஞ்சியில் கரண்டி தானாக நிற்கிறது.
வலுவான கட்டுமானம். பாராட்டுகள்.

கோழிக் குழம்பு என்று அட்டை சொல்கிறது.
கோழி என்ன சொல்கிறது?

சீட்டுகளை க்ளோட்டில்டிடம் கொடுப்பேன்.
சமையலறை அவள் பொறுப்பு.
படிக்காமல் கால்குலேட்டரை என் பக்கம் திருப்புவாள்:
ஓர் ஆளுக்கு, ஒரு நாளைக்கு, மூன்று வேளைக்கும் சேர்த்து.
ரயிலடியில் அந்தக் காசுக்கு
ஒரு காபி வரும், பால் வராது.
கெட்டவள் இல்லை.
ஆகஸ்டில் தன் தோட்டத்து வெங்காயத்தை
யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்து போடுகிறவள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை லிஃப்ட் நின்றுபோனது.
கைக்கு ஒரு தட்டாகப்
பதினாறு தடவை படி ஏறினேன்.
அன்றைய சீட்டு:
இன்று சூடு. யார் காரணம்?
நான் பதில் எழுதவில்லை.
மறுநாள் லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள்.

பிறகு அவர் தலைமாட்டில்
வாய்வழி எதுவும் கூடாது என்ற பலகை.
சனிக்கிழமை காலை
மெத்தை இரண்டாக மடிந்து கிடந்தது.
மகள் வந்து கரண்டியை எடுத்துப்போனாளாம்.

பட்டியல் திங்கட்கிழமைதான் மாறும்.
அதுவரைக்கும் அச்சடித்த பெயரோடு
தட்டு வந்தது:
பகோன்யி, மென்மையானது, உப்பில்லாதது.
பிரியாத தட்டைக் கீழே கொண்டுபோய்
தராசில் வைத்து எழுதிவிட்டுக்
கொட்ட வேண்டும். அது விதி.
சனிக்கிழமை கொட்டினேன்.

ஞாயிறு மதியம் கால்கள் நின்றுவிட்டன.
இரண்டாம் மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன்.
பதினொரு வருடத்தில்
ஒரு வாய் நான் தின்றதில்லை.
என் மதியம் எப்போதும்
வீட்டுப் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி, பச்சை மிளகாய்.

கரண்டி இல்லை.
ரொட்டியைக் கிள்ளித் தோய்த்தேன்.
முதல் வாயில் ஒன்றுமில்லை.
இரண்டாம் வாயில், ஈரம்.
மூன்றாவதில் எங்கோ தூரத்தில்
சதகுப்பை, மூடிய ஜன்னலுக்கு அப்பால்
யாரோ புல் வெட்டுவதுபோல.
நகத்தால் தட்டின் விளிம்பைச் சுண்டிப் பார்த்தேன்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
வழித்துத் தின்றேன்.

அவர் பெயர் அச்சிட்ட தாளைத் திருப்பி
எழுதினேன்:
பூசணி நன்றாக வெந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.
உப்புக்குப் பதில் எலுமிச்சை பிழியலாமே.
காசு அதிகம் ஆகாது.

திங்கட்கிழமை க்ளோட்டில்ட்
எடைப் புத்தகத்தில் விரலை வைத்தாள்.
ஞாயிறு, கட்டில் பதினான்கு, மிச்சம்: பூஜ்யம்.
இன்னொரு கையில் சீட்டு.
இந்த முறை படித்திருந்தாள்.

‘அவர் வெள்ளிக்கிழமை ராத்திரியே போய்விட்டாரே?’

லிஃப்ட் தாமதம், என்றேன்.