பிர்ச் சாம்பல்

நான் லூத்தரன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
புனித வென்செஸ்லாஸ் பள்ளியில் பத்தொன்பது வருடமாக
பாய்லரும் கழிப்பறையும் என் பொறுப்பு.
கொத்தில் நாற்பத்திரண்டு சாவி.
நற்கருணைப் பேழையின் சாவி மட்டும் என்னிடம் இல்லை.

மினசோட்டாவின் வடக்கு,
பிப்ரவரியில் மூக்குக்குள் முடி உறையும் ஊர்.
இரும்புச் சுரங்கம் ஆட்களை நிறுத்திய வருடம்.
அறுபத்தொரு பிள்ளைகள் மிச்சம்.
கட்டணத்துக்குப் பதில் ஒரு தகப்பன் மான்கறி கொண்டுவந்தார்.
அலுவலகத்தில் மிஸஸ் க்ர்னிச்
ரசீதுப் புத்தகத்தில் மை தொட்டு எழுதினாள்:
"பெல்லினி, பிள்ளை இரண்டு, பின்னங்கால் ஒன்று."

சாம்பல் புதனுக்கு முந்தின நாள்
போன வருடக் குருத்தோலைகள் வந்து சேர்ந்தன.
பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தவை,
லாரிக் கண்ணாடியில் தொங்கி வெளுத்தவை,
நாய் மென்றது ஒன்று.
ஐந்தாம் வகுப்பு டாரியோ பெல்லினி
அப்பாவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தான்.
ஓலையின் மடிப்பில் இன்னும் சிவப்புத் தூசி.
"டப்பா இனிமேல் வேண்டாமாம்,"
வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரலில் சொன்னான்.

பனியின்மேல் ஒரு காபி டின்.
அருள்சகோதரி லியோகாடியா செபம் சொல்ல
நான் தீக்குச்சி கிழித்தேன்.
பிள்ளைகள் கையுறைக்குள் விரல் மடக்கி நின்றார்கள்.
ஓலை சடசடத்து, சுருண்டு, கறுத்து அடங்கியது.
அப்போது ஏரிப் பக்கமிருந்து
ஒரே ஒரு வீச்சு.
டின் உருண்டது.
ஒரு வருடத்து ஓசன்னா முழுவதும்
வேலிவரை ஒரு கறுப்புக் கோடு.

யாரும் மூச்சுவிடவில்லை.
பிறகு முதல் வகுப்பில் எவளோ கிளுக்கென்றாள்,
சகோதரிக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது சிரித்து.

பனியோடு சுரண்டியதில் ஒரு மேசைக்கரண்டி தேறியது.
நாளைக்கு முந்நூறு நெற்றி.
"சமாளிப்போம்," என்றார் ஃபாதர் புகெல்.
அந்த வருடம் வங்கியிலும் மளிகைக் கடையிலும்
எல்லார் வாயிலும் புழங்கிய சொல்தான்.

இரவு வீட்டுக்குப் போய்
சவுனா அடுப்பைத் திறந்தேன்.
சனிக்கிழமை எரித்த பிர்ச் கட்டை,
மாவுபோல், சாம்பலிலேயே நல்ல சாம்பல்.
நிறம் வெளிறித்தான் இருந்தது;
கரித்துண்டை நுணுக்கிக் கலந்தேன்.
பள்ளிச் சமையலறையின் சல்லடையில் மூன்று முறை சலித்து,
திரும்பக் கழுவி வைத்தேன்.
பாவசங்கீர்த்தனக் கூண்டு எங்கள் கோவிலில் கிடையாது.
அதனால் இங்கே சொல்கிறேன்.

புதன் காலை வாசற்கதவைப் பிடித்தபடி நின்றேன்.
ஆட்களை நிறுத்திய மேலாளர் வரிசையில் இருந்தார்,
பெல்லினிக்கு இரண்டு பேர் பின்னால்.
பெல்லினி திரும்பிப் பார்க்கவில்லை.
ஒரே கட்டைவிரல், ஒரே கிண்ணம்,
மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்.
இந்த ஊரில் மண் சிவப்பு,
தோண்டத் தெரிந்தவர்கள் நெற்றியிலோ
என் குளியலறைச் சாம்பல்.

மூன்றாம் வகுப்பில் நான்கு பேருக்கு அரித்தது.
"தவக்காலம், சொறியாதே," என்றார் சகோதரி.

எல்லாரும் போனபின் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஃபாதர் கட்டைவிரலை முகர்ந்துகொண்டே வந்தார்.
"ஆர்வோ, குருத்தோலையில் பிர்ச் வாசம் வருமா?"
"காற்று எந்தப் பக்கம் அடித்ததோ, ஃபாதர்."
வெகுநேரம் என் நெற்றியைப் பார்த்தார்.
விரலில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.
"உமக்கு?"
"எனக்கு வீட்டிலேயே இருக்கிறது."

கீழே பாய்லர் இருமத் தொடங்கியது.
வாளியை அங்கேயே விட்டு ஓடினேன்.