எட்டு எழுத்துக்குக் குறையாமல்

தல்காவே படகுத்துறையில்
டிக்கெட் கிழிப்பது என் பிழைப்பு.
எதிர்த்தீவுக்கு ஆறு நிமிடம்.
படகு போய்த் திரும்புவதற்குள்
உலகத்துக் கணினிகள் அத்தனையையும்
வாயாலேயே பழுது பார்த்துவிடுவேன்.

குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்கிறானே,
அதில் 'ஆம்' மட்டும் கல்யாண வீடுபோல் ஜொலிக்கும்.
'இல்லை'
சாம்பல் நிறத்தில், மூன்று கதவு தள்ளி,
சுவர்ப் பல்லியாய் ஒட்டிக்கிடக்கும்.
மறுப்பதற்குப் பாடுபட வேண்டுமென்றால்
அவன் உன்னைக் கேட்கவே இல்லை.

பிரிண்டரா, பேச்சை எடுக்காதீர்கள்.
மஞ்சள் மை தீர்ந்துபோனதென்று
கறுப்புக் கடிதத்தைத் தர மறுக்கும் ஜந்து.

மேகத்தில் பத்திரமாக இருக்கிறதாம்.
வாரத்தில் ஐந்து நாள் மழை கொட்டும் ஊரில்
மேகத்தை நம்பித் துணி காயப்போட்டவர் உண்டா?
அது மேகமில்லை, ஒனோஃப்ரே.
எவனோ ஒருவன் கொட்டகையில்
எவனோ ஒருவன் இயந்திரம்.
வாடகை மட்டும் உம்முடையது.

முக்கியமாக,
புதுப்பிப்பு வந்தால் 'பின்னர்' என்பதைத் தொடாதீர்.
ஓட்டையை இன்றைக்கே அடைக்காதவன் படகு
நாளைக்கு எங்கே இருக்கும்?

ஒனோஃப்ரே கார்காமோ
மட்டி மூட்டையின் மேல் உட்கார்ந்து சிரிப்பார்.
அவருடைய பாஸ்வேர்டு
அவருடைய படகின் பெயர்.
ஓரடி உயர எழுத்தில், சிவப்புப் பெயிண்டில்
முகப்பில் எழுதியிருப்பார்,
கடற்பறவைக்கும் தெரியும்.

மூன்று மாதம் நச்சரித்தேன்.
ஒரு முழு வாக்கியமாக வையுங்கள்,
பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று.
தாளில் எழுதவே கூடாது.
பத்து முறை தப்பினால் எல்லாம் அழிந்துபோகும்படி
நானே அமைத்தும் கொடுத்தேன்.
'வைத்துவிட்டேன்' என்றார் ஒரு நாள், சொல்லாமல்.
என் வெற்றிகளில் அதுதான் பெரியது.

ஆகஸ்டில் இறந்தார்.
கடலில் அல்ல,
பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில்.

எதெல்மிரா
டிக்கெட் ஜன்னல் வழியே போனை நீட்டினாள்.
மட்டிச் சங்கம் யார் யார் எவ்வளவு பாக்கி,
போன கோடையின் படங்கள்,
எல்லாம் அதற்குள்.
'நீதானே பூட்டுப் போட்டுக் கொடுத்தாய்' என்றாள்.
கோபமில்லை அந்தக் குரலில்.
இருந்திருக்கலாம்.

முதல் தப்பு. இரண்டாம் தப்பு.
ஐந்துக்குப் பிறகு ஒரு நிமிடம் பொறு என்றது,
ஏழுக்குப் பிறகு கால் மணி,
எட்டுக்குப் பிறகு ஒரு மணி.
அந்த ஒரு மணியில்
யாருக்கும் எதையும் விளக்காமல்
டிக்கெட் மட்டும் கிழித்தேன்.
ஒன்பதும் தப்பு.
பத்தைத் தொடவில்லை.

கம்பெனிக்கு எழுதினோம்.
எழுதியதற்கு நன்றி என்றார்கள்.
இறந்தவர் அனுமதியை உறுதிப்படுத்த
இறந்தவர் போனுக்கு
ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்கள்.

செப்டம்பரில் ஒரு காலை,
மழைக்கோட்டுக்குள் எதையோ அணைத்தபடி வந்தாள்.
உப்பு டப்பா.
மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுத் தாள்,
தண்ணீர் படாமல் டேப் ஒட்டி,
ஒனோஃப்ரேயின் சாய்ந்த கையெழுத்தில்:

*டிக்கெட்காரி ரொம்பப் பேசுகிறாள் 7*

பெரிய எழுத்து இருந்தது.
எண் இருந்தது.
முழு வாக்கியமும் இருந்தது, உண்மையும்கூட.
என் விதிகளில் அவர் மீறியது
ஒன்றே ஒன்று.

ஆகவே இப்போது சொல்கிறேன்,
வரிசையில் நிற்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்,
தாளில் எழுதி வையுங்கள்.
எந்தக் கண்டத்துத் திருடனுக்கும்
உங்கள் உப்பு டப்பாவரை கை நீளாது.
அதை எழுதாதே என்றவள் யாரென்று
கேட்காதீர்கள்.

போன் திறந்தது.
படங்களுக்கு முன்னால், கணக்குக்கு முன்னால்
ஒரு பட்டை வந்து நின்றது:
புதுப்பிப்பு தயார். இப்போதா, பின்னரா?

எதெல்மிரா
ஈர விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
'பின்னர்' என்பதைத் தொட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.